காலிபரேஷன் ஸ்டிக்கர் இருந்தும் அளவு தப்பியது: சம்பளத்தில் பிடிக்கலாமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் கம்பெனியையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பம்ப் ஷாஃப்ட் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் தர ஆய்வாளராக இருக்கிறார். சரக்கு போவது கோயம்புத்தூர் பக்கத்துப் பம்ப் கம்பெனிக்கு. இ.என்.8 என்ற எஃகில் செய்த ஷாஃப்ட்டில் 6205 எண் பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ., கே6 டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வரம்பு). அதாவது 25.002-க்குக் குறையவும் கூடாது, 25.015-ஐத் தாண்டவும் கூடாது. இவர் 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டரில் (நுண்ணளவுக் கருவி) அளந்து 25.004, 25.005 என்று எழுதி அனுப்பிய 160 ஷாஃப்ட்டுகள் திரும்பி வந்துவிட்டன. வாடிக்கையாளரின் அளவில் அவை 24.998, 24.999.

மைக்ரோமீட்டரின் பெட்டியில் காலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறது, நவம்பர் வரை கெடு. ஆகவே கருவி சரி, அளந்தவர்தான் தப்பு என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். இவருடைய சம்பளத்திலும் கிரைண்டிங் ஆபரேட்டர் சம்பளத்திலும் மாதம் 2,000 ரூபாய் பிடிக்கத் தொடங்கியாயிற்று. மலையாளத்தில் தட்டச்சு செய்த தாள் ஒன்றில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். இவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

அடுத்த மாதம் வாடிக்கையாளரின் ஆடிட் வேறு. தினமும் காலையில் மைக்ரோமீட்டரைச் சரிபார்த்து எழுத வேண்டிய பதிவேடு போன ஆகஸ்டிலிருந்து காலியாகக் கிடக்கிறது. எட்டு மாதத்தையும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார் மேலாளர். ஸ்டிக்கர் இருந்தால் போதாதா, சம்பளத்தில் பிடிக்கலாமா, கையெழுத்துப் போடலாமா, டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகுமா, எடைகளுக்கு முத்திரை போடும் துறையில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, காலிபரேஷன் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பொறியாளன் என்ற முறையில் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த 160 ஷாஃப்ட்டும் திரும்பி வந்ததற்கு உங்கள் கையோ கண்ணோ காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அளக்கும் முறையில் கோளாறு இருக்கிறது. அந்த முறையை வகுத்துத் தர வேண்டியது நிறுவனம்.

ஸ்டிக்கர் எதைச் சொல்கிறது

காலிபரேஷன் என்பது உங்கள் கருவியை அதைவிடத் துல்லியமான ஒரு தரத்தோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பிழை காட்டுகிறது, அந்தப் பிழை பற்றி எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று எழுதித் தருவது. அவ்வளவுதான். கருவியைச் சரிசெய்து கொடுத்தார்கள் என்றோ, உங்கள் வேலைக்கு அது போதும் என்றோ அதற்குப் பொருள் கிடையாது. கோப்பில் இருக்கும் சான்றிதழை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். 25, 30, 35 என்று வரிசையாக அளவுகளும், அவற்றுக்கு நேராகப் பிழையும், கீழே நிச்சயமின்மை (அந்தப் பிழை எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அளவு) என்று ஒரு எண்ணும் இருக்கும். நான் போகும் பல பட்டறைகளில் முதல் பக்கத்தின் முத்திரையைத் தாண்டி யாரும் படித்திருப்பதில்லை.

ஸ்டிக்கரில் உள்ள நவம்பர் கெடுவையும் ஆய்வகத்தின் உத்தரவாதமாக நினைக்காதீர்கள். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரவிதிப்படி, வாடிக்கையாளர் சம்மதித்துக் கேட்டாலொழிய அடுத்த காலிபரேஷன் எப்போது என்று சான்றிதழிலும் லேபிளிலும் ஆய்வகம் பரிந்துரைக்கவே கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை என்பது உங்கள் கம்பெனி எடுத்த முடிவு. கருவி எவ்வளவு உழைக்கிறது, எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பார்த்து அதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதும் கம்பெனிதான்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பிப்ரவரியில் பயிற்சிப் பையன் ஒருவன் அந்த மைக்ரோமீட்டரைக் கீழே போட்டுவிட்டான், பார்த்தோம், நன்றாகத்தான் சுற்றியது. என்னைப் பொறுத்தவரை கடிதம் முழுவதிலும் முக்கியமான வரி இதுதான். கான்கிரீட் தரையில் விழுந்த மைக்ரோமீட்டருக்கு அந்த நிமிடத்தோடு ஸ்டிக்கர் செல்லாது. தனியே எடுத்துவைத்து, மறுபடி சரிபார்த்த பிறகே வேலைக்கு விட வேண்டும். நன்றாகச் சுற்றுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அந்த ஆறு மைக்ரான்

உங்கள் அளவுக்கும் அவர்கள் அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஆறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதில் இரண்டு மைக்ரானுக்கான விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் உள்ள, கருவியின் தொடக்க அளவைச் சரிபார்க்கும் 25 மி.மீ. செட்டிங் ராடை வைத்துப் பார்த்தபோது 25.002 காட்டியது, இரண்டு மைக்ரான்தானே என்று விட்டுவிட்டேன் என்கிறீர்கள். உங்கள் டாலரன்ஸ் மொத்தமே 13 மைக்ரான். அதில் இரண்டு என்பது சிறிதல்ல. ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் இரண்டு மைக்ரான் பெரிதாகக் காட்டும் கருவியோடுதான் நீங்கள் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

மிச்சம் நான்கு? ஷாஃப்ட் கிரைண்டிங் மெஷினிலிருந்து இறங்கியதும், கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே அளந்துவிடுவோம், லாரி காத்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீளம், விட்டம் எல்லாவற்றையும் 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவாகக் கொள்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம், ஐஎஸ்ஓ தரவிதிகளில் ஒன்றாம் எண்ணே அதற்குத்தான். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் டிகிரிக்கு 0.29 மைக்ரான். மின்விசிறிக் காற்றில் மேசைமேல் இருந்த மைக்ரோமீட்டரைவிட ஷாஃப்ட் 14 டிகிரி சூடாக இருந்தால் நான்கு மைக்ரான் வந்துவிடும். வாடிக்கையாளர் குளிரூட்டிய அறையில், ஆறிப்போன ஷாஃப்ட்டை அளந்திருப்பார். இரண்டு பிழைகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுகிறேன். கஞ்சிக்கோட்டு ஏப்ரல் வெயிலில் பட்டறைக்குள் 38 டிகிரி, ஏ.சி. அறை கட்டாமல் அளக்கவே முடியாது என்று உங்கள் மேலாளர் கைவிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எஃகு ஷாஃப்ட்டும் எஃகு மைக்ரோமீட்டரும் செட்டிங் ராடும் ஒரே சூட்டில் இருந்தால், மூன்றும் ஒன்றுபோல விரியும். பட்டறை 38 டிகிரியாகவே இருக்கட்டும், பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மூன்றும் வெவ்வேறு சூட்டில் இருப்பதுதான் ஆபத்து. அலுமினியம் என்றால் கதை வேறு, அது எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும். அந்த ஷாஃப்ட்டுகள் வரும்போது இதை மறக்காதீர்கள்.

நான் சொல்வது ஊகம்தான். அதைச் சோதித்துப் பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. பத்து ஷாஃப்ட்டுக்கு எண் போடுங்கள். இறங்கிய சூட்டில் அளந்து எழுதுங்கள். பிறகு சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் மைக்ரோமீட்டர், செட்டிங் ராட், ஷாஃப்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். செட்டிங் ராடை வைத்து ஜீரோ சரிசெய்து, ராட்செட்டை (அழுத்தத்தைச் சீராக்கும் திருகு) மெதுவாகத் திருகி, அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். ஃபிரேமை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளுங்கள், கைச்சூடும் அதை விரிக்கும். இரண்டு பட்டியலுக்கும் இடையே ஐந்தாறு மைக்ரான் வித்தியாசம் வந்தால், முதலாளியின் மேசையில் வைக்க உங்களிடம் ஒரு தாள் இருக்கும். வரவில்லையென்றால், விழுந்ததில், பொருளை இரு பக்கமும் பிடிக்கும் ஆன்வில் முகமோ ஸ்பிண்டிலோ கோணியிருக்கலாம். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (மையத்தில் பிடிக்காமல் உருட்டித் தேய்ப்பது) வட்டம் மும்முகமாகப் போயிருந்தாலும் இப்படித் தப்பும், அதை இரண்டு முனையில் பிடிக்கும் மைக்ரோமீட்டர் கண்டுபிடிக்காது. அப்போது ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

அனுப்பும்போது செட்டிங் ராடையும் சேர்த்து அனுப்புங்கள். மைக்ரோமீட்டருக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், அதை எதை வைத்து ஜீரோ செய்கிறார்களோ அந்த ராடைப் பெட்டிக்குள் மறந்துவிடுகிறார்கள். ஆய்வகத்துக்கு, ஆய்வகங்களை மதிப்பிடும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அதன் ஸ்கோப்பில் (எவற்றை அளக்க அங்கீகாரம் என்ற பட்டியலில்) உங்கள் கருவி எந்த நிச்சயமின்மையோடு இடம்பெற்றிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தொழிற்பேட்டையிலேயே 1987 முதல் இருக்கும் எஃப்சிஆர்ஐ ஆய்வு நிறுவனம் ஓட்ட அளவிகளுக்கு (திரவ, வாயு ஓட்டத்தை அளக்கும் கருவிகள்) பேர்போனது. கோயம்புத்தூரில் சிடார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ஸ்கோப்பைப் படித்துவிட்டுக் கொடுங்கள். அங்கிருந்து சங்கிலி போலத் தொடர்ந்து டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரம் வரை போகும் தொடர்புதான் அந்தத் தாளுக்கு மதிப்பைத் தருகிறது.

டிஜிட்டல் வாங்கினால்?

மூன்று தசம இடம் காட்டுவதும் மூன்றாம் இடம் வரை சரியாக இருப்பதும் வேறு வேறு. ஒரு மைக்ரான் வரை காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டருக்கே, புதிதாக வரும்போது ஓரிரு மைக்ரான் வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கும். சூடான ஷாஃப்ட்டை அதில் அளந்தால் தப்பான அளவு பளிச்சென்று தெரியும். முதலாளி செலவு செய்யத் தயாராக இருந்தால், 25 மி.மீ. மாஸ்டர் (அளவு துல்லியமாகத் தெரிந்த மாதிரி) ஒன்றும், அதோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும், ஸ்டாண்டில் பொருத்திய ஒரு மைக்ரான் கம்பரேட்டரும் கேளுங்கள். மாஸ்டரை ஷாஃப்ட்டுகளோடு பட்டறையிலேயே வைத்து, அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். சூட்டின் தொல்லை பெருமளவு ஒழிந்துவிடும், ஆளுக்கு ஆள் அளவு மாறுவதும் குறையும். அதுவரை கே6-இன் ஓரம் வரை போகாமல், 25.005 முதல் 25.012 வரை வந்தால் மட்டும் பாஸ் என்று உங்களுக்குள் ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளப் பிடித்தமும் மலையாளத் தாளும்

இது என் துறை அல்ல, பாலக்காட்டில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் அடிப்படை தெளிவானது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் முதல் இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை ஒரே விதிதான்: தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருளுக்கு, நேரடியாக அவருடைய அலட்சியத்தால் நஷ்டம் வந்தால்தான் பிடிக்கலாம். அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகு, நஷ்டத் தொகைக்கு மேல் போகாமல். கீழே விழுந்த கருவியைத் தந்து, ஆறவிடாமல் அளக்கச் சொல்லிவிட்டு, வந்த நஷ்டத்தை அளந்தவரின் அலட்சியம் என்று சொல்வது எடுபடாது. கிரைண்டிங் ஆபரேட்டருக்கும் இதுவே பொருந்தும். நீங்கள் கொடுத்த அளவை நம்பித்தான் அவர் வீலை ஓட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகலை உடனே கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், வாசிக்க இயலாத மொழியில் விளக்காமல் வாங்கிய கையெழுத்து என்று தேதியிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். வீட்டுக்குக் கோயம்புத்தூர் பக்கமாக இருந்தாலும், வேலை செய்யும் இடம் கேரளம் என்பதால் நீங்கள் போக வேண்டியது பாலக்காட்டுத் தொழிலாளர் துறை அலுவலகம்தான். அங்கே தமிழில் எழுதிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது; நீங்கள் போகும் அலுவலகம் அப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே புகார் என்று போனால் உறவு முறியும் என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆகவே முதலில் அந்தப் பத்து ஷாஃப்ட் தாளோடு முதலாளியை நேரில் பாருங்கள். பெரும்பாலான சிறு முதலாளிகள் கெட்டவர்கள் கிடையாது. சரக்கு திரும்பிவந்த ஆத்திரத்தில் இருக்கிறார்கள், அடுத்த லாட்டும் திரும்பாமல் இருக்க வழி தெரிந்தால் கேட்பார்கள்.

எட்டு மாதப் பதிவேடு

கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

காலியான பக்கம் ஆடிட்டில் ஒரு குறைபாடாகப் பதிவாகும். திருத்த நடவடிக்கை எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும். பொய்யாக நிரப்பிய பக்கம் பிடிபட்டால் நிறுவனத்தின் மற்ற எல்லாத் தாள்களின் மேலும் சந்தேகம் விழும், அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. பிடிபடுவதும் சுலபம். ஆகஸ்ட் முதல் ஒரே பேனா, ஒரே சாய்வு. திருவோணத்தன்று பட்டறை பூட்டிக் கிடந்தபோது ஒரு ரீடிங். பொங்கலுக்கு நீங்கள் விடுப்பில் இருந்ததாக வருகைப் பதிவேடு சொல்லும் நாளில் உங்கள் கையெழுத்தோடு இன்னொரு ரீடிங். அனுபவமுள்ள ஆடிட்டர் முதலில் பார்ப்பது அந்தத் தேதிகளைத்தான். இன்னொன்றும் யோசியுங்கள்: தினமும் ஜீரோ பார்த்தேன், சரியாக இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டால், கருவி தப்பு என்று சொல்லும் வழியை உங்களுக்கு நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

மேலாளரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் தேவையில்லை. இப்படி எழுதிக் கொடுங்கள்: “ஆகஸ்ட் முதல் தினசரிச் சரிபார்ப்பு பதிவாகவில்லை. பிப்ரவரியில் கருவி கீழே விழுந்தது. இன்று செட்டிங் ராடில் 25.002 காட்டியது. கருவியை ஒதுக்கிவைத்து மறு காலிபரேஷனுக்கு அனுப்பவும், பிப்ரவரிக்குப் பிறகு அனுப்பிய லாட்டுகளை ஆராயவும் வேண்டுகிறேன். இன்று முதல் தினமும் பதிவு செய்கிறேன்.” ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அந்தப் பழைய லாட்டுகள் பற்றிய வரியை மேலாளர் எடுக்கச் சொல்வார். எடுக்காதீர்கள். கருவி தப்பு என்று தெரிந்தால், அதுவரை அளந்தவையும் பாதிக்கப்பட்டனவா என்று நிறுவனம் பார்த்தாக வேண்டும் என்று தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தெளிவாகக் கேட்கிறது. காகிதத்துக்காகச் சொல்லவில்லை. பேரிங் இறுக்கமாக உட்காராத ஷாஃப்ட்டில் உள்வளையம் மெல்ல நழுவிச் சுற்றும், இருக்கை தேயும், பம்ப் அதிரும். எங்கோ ஒரு தோப்பில் தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயிதான் அதற்கு விலை கொடுப்பார்.

வாடிக்கையாளரிடம் நீங்களாகத் தனியே போய்ச் சொல்ல வேண்டாம், நிறுவனம் சொல்லட்டும். சொல்லும்போது இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, அவர்கள் எந்தக் கருவியில், எவ்வளவு நிச்சயமின்மையோடு அளந்தார்கள் என்பது. ஐஎஸ்ஓ 14253 விதியை இரு தரப்பும் ஏற்றிருந்தால், நிராகரிப்பவரும் தன் நிச்சயமின்மையைத் தாண்டித் தப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். நான்கைந்து ஷாஃப்ட்டை இரு தரப்பும் சேர்ந்து அளப்பது எல்லோருக்கும் நல்லது. மற்றொன்று கன்செஷன், அதாவது வரம்பு தப்பிய சரக்கை விதிவிலக்காக ஏற்பது. சாதாரண வகைப் பேரிங்கின் 25 மி.மீ. துளை 24.990 முதல் 25.000 வரை இருக்கும், ஆகவே 24.998 ஷாஃப்ட்டில் பல பேரிங்குகள் இறுக்கமாகவே உட்காரும், சில தளர்ந்துவிடும். பேரிங்கைப் பொறுக்கிப் பொருத்தி ஒரு பகுதியை ஏற்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. ஏற்பதும் மறுப்பதும் வடிவமைத்தவர்களின் உரிமை. 160-ம் கழிவு என்று முன்கூட்டியே முடிவுசெய்து உங்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை.

முத்திரைத் துறைக்கு இந்த விஷயத்தில் வேலை இல்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம், பொருளை விற்கவும் வாங்கவும் பயன்படும் எடை, அளவைகளைத்தான் முதன்மையாகக் கண்காணிக்கிறது. பட்டறைக்குள் தரம் பார்க்கும் மைக்ரோமீட்டருக்கு அவர்கள் முத்திரை தேவையில்லை. உங்கள் ஸ்டோரில் கழிவு இரும்பை நிறுத்து விற்கும் தராசுக்கு உண்டு. கேரளத்தில் அதற்குத் தனித் துறை இருக்கிறது, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையே அதைப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் பழகிய உங்களுக்கு இதில் குழப்பம் வந்தது இயல்புதான்.

நாளைக் காலை முதல் வேலையாக அந்த மைக்ரோமீட்டரில் ‘பயன்படுத்தாதே’ என்று சிவப்பு லேபிள் ஒட்டித் தனி அலமாரியில் வையுங்கள், பத்து ஷாஃப்ட் சோதனைக்கு மட்டும் வெளியே எடுங்கள். சான்றிதழின் இரண்டாம் பக்கத்தில் 25 மி.மீ.-க்கு நேராக உள்ள பிழையையும் நிச்சயமின்மையையும் குறித்து, பத்து ஷாஃப்ட் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள். முதலாளியிடம் போவதற்கு முன் கணக்கைச் சேர்ந்து சரிபார்த்துவிடலாம்.